அறுபது பேரும் ஒரு ஃபேனும்

எங்கள் மாடி அறையில் அறுபது பேர் வாசிக்கிறார்கள். வயலின், செல்லோ, புல்லாங்குழல், எல்லாம் உண்டு. எங்கோ ஒரு பெரிய அரங்கில் யார் யாரோ ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்தவை அவை. அவற்றைக் கம்ப்யூட்டரில் கோத்து, எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து வாசிப்பதுபோல் கேட்க வைப்பது என் தொழில். தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். "அம்புட்டு பேருக்கும் சோறு பொங்கச் சொல்லாம விட்டீங்களே, அதுவரைக்கும் புண்ணியம்" என்பாள் என் மனைவி.

பூட்டுக் கடை வேலையை விட்டுவிட்டு மாடியேறி ஒரு வருடம் ஆகியிருந்தது. மே மாதத்தில் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அந்த ஒட்டன்சத்திரத்து டைரக்டரு படம் கெடைச்சா சரி. இல்லேன்னா திங்கக்கெழம காலையில கடைக்குக் கெளம்புறீங்க." டைரக்டர் ஒரு காட்சிக்கு மட்டும் மாதிரி இசை கேட்டிருந்தார். சனிக்கிழமை நேரில் வந்து கேட்பதாக ஏற்பாடு. ஆள் வாசித்ததுபோல் இல்லாமல் கீபோர்டு வாசனை அடித்தால் வேறு ஆளைப் பார்ப்பாராம்.

தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபேனை ஐந்தில் வைக்காமல் ஒரு நிமிடம் தாங்காது. ஹெட்போன் மாட்டினால் காது வெந்துவிடும், அதனால் ஸ்பீக்கரில்தான் வேலை. என் கூட்டத்தில் எட்டு டபுள் பாஸ் இருந்தன. ஆள் உயரத்துக்கு நின்று அடித்தொண்டையில் உறுமுமே, அந்தப் பெரிய வயலின். அந்த எட்டும் என் காதில் சரியாகவே விழவில்லை. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மனசு நிறைந்தது. அடி சக்கை என்று என் தொடையில் நானே தட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை டைரக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை ஐந்து மணி வரை. பேப்பரில் போட்டிருந்தார்களாம், யார் பார்த்தது! இன்வெர்ட்டர் இருக்கும் தைரியத்தில் இசையை ஓடவிட்டேன். அதில் கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் மட்டும்தான் ஓடும். ஃபேன் எதற்கு என்று எலக்ட்ரீஷியனிடம் பெருமையடித்தது நானேதான்.

ஐயோ! எட்டு டபுள் பாஸும் சேர்ந்து அறையை உலுக்கின. மேசையில் இருந்த டம்ளர் தடதடத்தது. வயலின்காரர்கள் இருந்த இடமே தெரியவில்லை.

டைரக்டர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, காட்சியில ஒரு பொண்ணு கடுதாசி படிக்குது. இங்க லாரி ஸ்டார்ட் ஆகுதுங்களே?"

மானம் போயிற்று. அண்ணாந்து, நின்றுபோன ஃபேனைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அந்தப் பாவி தன் இரைச்சலில் பாஸையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதோடு மல்லுக்கு நின்று கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன்.

"செத்த நேரம் இருங்க சார்" என்று கெஞ்சிவிட்டு உட்கார்ந்தேன். மனைவி மோர் கொண்டுவந்தாள், கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள். வேர்வை கண்ணில் இறங்கியது. பாஸைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். பாஸ்காரர்களைப் பின்வரிசைக்குத் தள்ளினேன். வயலின்கள் மூச்சுவிட இடம் கிடைத்தது. அப்போது சுரத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று லேசாகக் கேட்டது. புல்லாங்குழல்காரர் மூச்சிழுக்கிறார்! ஒரு வருடமாக என்னோடு இருந்த மனிதர். அவர் மூச்சை நான் கேட்டதே இல்லை. அதை மட்டும் ஒரு துளி கூட்டி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

டைரக்டர் முழுவதும் கேட்டார். மோர் அப்படியே இருந்தது.

"ஆளு மூச்சு விடறது கேக்குதுங்க. முழுப்படமும் நீங்களே பண்ணிருங்க" என்றார்.

மனைவி கீழே இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாக மாடிக்கு வந்தாள். அவள் நேரே சுவரோரம் போய் ஃபேனை நிறுத்தினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம், அந்த மூச்சு விடுறவரக் கூப்புடுங்க" என்றாள்.