சங்கு ஊதும் வேலை

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் வேலை நேரத்துக்குக் கூவுகிற நீராவிக் குழலுக்கும் சங்கு என்றுதான் பெயர். பாழாய்ப்போன அந்த ஒரு சொல்தான் ரத்தினசாமியைக் கவிழ்த்தது.

சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று அவன் கால் இரண்டும் புண்ணாகிப்போக, மழைக்கு முந்தியே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அடுப்பில் பூனை தூங்கியது. பெண்டாட்டி பட்டம்மாள் அக்கம்பக்கத்தில் கஞ்சித்தண்ணி கேட்டு வாங்கிக் கைக்குழந்தைக்குப் புகட்டினாள். அதுவும் கிடைக்காத அன்றைக்குத்தான் மேஸ்திரி காசிநாதன் ஆள் அனுப்பினார். முதலாளி பங்களாவில் சாயங்காலம் சங்கு ஊத ஆள் வேண்டுமாம், உன்னைத்தான் சொல்லியிருக்கிறேன், குளித்துவிட்டு வா என்று.

உட்கார்ந்த இடத்தில் பாய்லர் கைப்பிடியை இழுத்துவிடுகிற வேலை! புண்ணுக் காலோடு பார்க்க அதைவிடத் தோதான வேலை உண்டா? புருஷனும் பெண்டாட்டியும் அழுதேவிட்டார்கள். ஷாப்பு வேலைக்குப் பங்களாவுக்கு எதற்கு வரச் சொல்கிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பசித்தவனுக்கு யோசனை ஏது?

முதலாளி முக்தார் அகமது சாயபுக்கு வாத்தியப் பைத்தியம். ஊர் ஊராய் வாங்கிய வீணை, சாரங்கி, டமாரம் எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரிகளில் வைத்து, அதற்கென்று ஒரு கூடமே கட்டிவிட்டார். அன்றைக்குத் திறப்பு விழா. வேலூரிலிருந்து துரைமாரும் துரைசானிகளும் வந்திருந்தார்கள். பிரியாணி வாசனையிலேயே ரத்தினசாமிக்குத் தலை சுற்றியது. காசிநாதன் அவன் கையில் ஒரு வெள்ளைச் சங்கைத் திணித்தார்.

"இன்னாங்க மேஸ்திரி இது? ஷாப்பு சங்கு இல்லியா?"

"ஷாப்பு சங்கா? சரியாப் போச்சு. உங்கப்பன் ஊதுவாரே, அது. துரைசானி கேக்கணுமாம், ஊது."

அப்பா ஊதியது பிணத்துக்கு முன்னால். மகனுக்குத் தெரிந்ததும் அந்த ஒரே ஊதல்தான். ஆனாலும் சாயபு மனம் குளிர்ந்தால் வேலையைக் கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு நப்பாசை. கண்ணை மூடிக்கொண்டு இழவு வீட்டு ஊதலை நீட்டி ஊதினான். பரிமாறுகிற ஆட்கள் தட்டோடு நின்றுவிட்டார்கள். காசிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். துரைசானியோ கைதட்டினாள். சாயபு பூரித்துப்போய், என்ன வேண்டுமோ கேள் என்றார்.

ரத்தினசாமி காலில் விழுந்தான்.

"ஷாப்புல சங்கு இழுக்கிற வேலை குடுங்க சாயபு. புள்ள செத்துடும்."

சாயபு முகம் சுண்டிப்போயிற்று. அவனைத் தூக்கி நிறுத்தி, காதோடு சொன்னார். சீமையில் தோல் வாங்குவார் இல்லை. ஷாப்பை மூடுகிறேன். பாய்லரையும் விற்றாகிவிட்டது. இன்னும் யாருக்கும் தெரியாது, வெளியே சொல்லிவிடாதே. பிரியாணி கட்டித் தரச் சொல்கிறேன், கொண்டு போ.

துரைசானி இன்னொரு தடவை கேட்டாள். ஊதினான். யாருக்கு ஊதுகிறோம் என்று இந்தத் தடவை அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெளிவாசலில் விளக்கு அலங்காரம் பார்க்க ஷாப்பு ஆட்கள் கும்பலாய் நின்றிருந்தார்கள். பட்டம்மாள் பிள்ளையை இடுக்கிக்கொண்டு பதறி ஓடிவந்தாள்.

"உள்ள யாருய்யா செத்தது?"

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"நாமதான், பட்டு. நாம அத்தினி பேரும்."