மருதம்மாள் தேடிய வாரம்

எங்கள் அம்மா மருதம்மாள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் துணி செக்கிங் பார்த்தார். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு, எது கண்ணில் பட்டாலும் நிறுத்திவிடுவார். ரோலில் கட்டிய சீட்டில் எந்த மெஷின், எந்தத் தேதி, எந்த ஷிப்ட் என்று பார்த்துக்கொண்டு நேரே அங்கே போய் நிற்பார்.

“என்ற மெஷினா இருக்காதுங்கக்கா” என்பார் துணி பின்னும் நிட்டிங் மெஷினை ஓட்டும் கந்தவேல்.

“துணி பொய் சொல்லாதுங்க தம்பி. ஊசியக் கழட்டிக் காட்டிப்போட்டு டீ குடிக்கப் போங்க.”

ஊசி முனை உடைந்திருக்கும். குறை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு நாளும் ஓர் ஆளும் உண்டு என்பது அம்மாவின் கணக்கு.

அண்ணன் முருகேஷ் பிறந்தபோது இரண்டு கருவிழிகளும் வெள்ளையாக இருந்தன. வயிற்றில் எட்டு மாதம் ஆகும்வரை அம்மா அந்த விளக்கையே குனிந்து பார்த்ததுதான் காரணம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அம்மா முப்பது வருடம் அதை நம்பினார்.

நான் கண் மருத்துவமனையில் டெக்னீஷியன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் வரைந்து அம்மாவுக்கு விளக்கினேன். கருவில் லென்ஸ் மேல்தோலிலிருந்து பிரிந்து உள்ளே போகும். அந்த இடைவெளியில் செல்கள் அலை அலையாக நகர்ந்து வரும். முதலில் வருபவை கருவிழியின் உள் அடுக்காகும். அடுத்தவை நடுவில் இழைகளைச் சீராக அடுக்கும். பிந்தைய மாதங்களில் உள் அடுக்கு தண்ணீரை இறைத்து வெளியேற்றும். அப்போதுதான் கருவிழி தெளியும். அண்ணனுக்கு லென்ஸ் சரியாகப் பிரியாததால் அந்தச் செல்கள் உள்ளே வர வழியில்லை.

“இது ஆறாவது ஏழாவது வாரத்துலயே நடந்ததுங்கம்மா. மாசமா இருக்கறதே அப்ப உங்களுக்குத் தெரியாது. வெளக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க.”

அம்மாவுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவர் விரல் மடக்கி மாதங்களை எண்ணினார்.

“தையில பொறந்தான். அப்பிடின்னா ஆனி பொறந்த வாரம்.” மடக்கிய விரலைப் பார்த்தார். “அந்த வாரம் சாயம் போடற டையிங்ல ஆளில்லீன்னு நாலு நாள் அங்க போயி நின்னேன் கண்ணு. நெடி தாங்காம வாந்தி எடுத்தேன். அதுதானா?”

அதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலும் காரணமே தெரிவதில்லை. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நொடி தயங்கிவிட்டு, “இல்லீங்கம்மா” என்றேன்.

அந்த நொடியை அம்மா பார்த்துவிட்டார். துணியில் ஒற்றை இழை விட்டுப்போனாலே பிடித்துவிடும் கண் அது.

“செரி கண்ணு” என்று எழுந்து போனார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மாசியில் மாரடைப்பில் இறந்தார்.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா போறதுக்கு முந்தின வாரம் என்ற கையப் புடிச்சுட்டு மன்னிச்சுக்க சாமின்னாங்க. எதுக்குன்னு கேட்டா அழுதாங்க. உனக்கு எதாச்சும் தெரியுமா?”