மணி பார்த்துச் சொல்பவர்

ஓர் ஆய்வகத்துக்கு நான் வாடகைக் கார் ஓட்டியபோது அவர் அங்கே வேலை செய்தார். முழுக்கைச் சட்டையில் இடது கையை மட்டும், கடிகாரத்துக்காக, மடித்துவிட்டிருப்பார். எது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாலும் முதலில் மணி பார்ப்பார். பிளாஸ்கில் காபி இருக்கிறதா என்று கேட்டால்கூட அப்படித்தான். மூடியைத் திறப்பது அப்புறம்.

ஒருநாள் விமான நிலையத்தில் ஓர் ஈயப் பெட்டியோடு ஏறினார். பெங்களூரு ஹெப்பால் மேம்பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம்.

"உள்ள என்னா சார்?"

"ஆஸ்டடைன்னு ஒரு கதிரியக்கத் தனிமம்ணா. தண்ணியில கலந்திருக்கு. ஏழு மணி நேரத்துல பாதி போயிடும்."

"பாக்க எப்படி இருக்கும்?"

"யாரும் பாத்ததில்ல. கண்ணுக்குத் தெரியற அளவு சேத்தா, அதோட சூட்டுலயே ஆவியாயிடும்."

"எதுக்கு சார் அது?"

"கேன்சர் மருந்துக்கு. தண்ணியில அது அயோடின் மாதிரி நடந்துக்குதா, உலோகம் மாதிரி நடந்துக்குதான்னு தெரியணும். அப்பதான் உடம்புக்குள்ள விட முடியும்."

"எது மாதிரி சார்?"

"ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள தீந்துடுதுண்ணா."

பஸ் போய்விட்டது என்பதுபோல் சொன்னார். முன்னால் நின்ற வண்டிகளை நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். "மெதுவாவே போங்க, போய்ச் சேரும்போது கொஞ்சம் இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

எனக்குப் பாவமாகிவிட்டது. பேச்சை மாற்ற, "ஊர்ல அப்பா இருக்காங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் மணி பார்த்தார். பிறகு, "இருக்கார்" என்றார்.