மானாப்புல் பெட்டி

எழுபதுகளில் அரிசிக்கும் மாவுக்கும் எல்லாரும் அலைந்த நாட்களில் நாங்கள் மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தோம். வரிசை அறைகளாகக் கட்டிய எங்கள் லயத்தில், அடுத்த காம்பராவில் இருந்த அக்கா எங்களுக்கு உறவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளும் கணவனும் மட்டும்தான், பிள்ளையில்லை. அம்மா காய்ச்சலில் கிடந்த இரண்டு மாதமும் எங்களுக்குச் சோறு அவள் கையால்தான் வந்தது. சோறென்றால் கொஞ்சம் அரிசி, நிறைய மரவள்ளிக்கிழங்கு, லயத்துக்குப் பின்னால் அவள் பாத்தி கட்டி வளர்த்த கீரை. முள்ளங்கி பிடுங்கினால் இலையையும் சுண்டிக் கறியாக்கிவிடுவாள். பூசணித் தோலைக்கூட வீசமாட்டாள். வதக்கித் துவையல் அரைப்பாள்.

அவளிடம் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. அதற்குள் காய்ந்த மானாப்புல்லைத் திணித்து, நடுவில் பானை இறங்குமளவு குழி விட்டிருந்தாள். காலையில் அரிசி கொதித்ததும் பானையை மூடி அதற்குள் இறக்கி, மேலே சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது சோறு வெந்து ஆவி பறக்கும்.

"வெறகும் மிச்சம், பொகையும் இல்ல. அடுப்ப ஊதி ஊதியே எங்கம்மாவுக்குக் கண்ணு போயிருச்சு புள்ள," என்பாள்.

நான் கல்யாணமாகி ஹட்டன் டவுனுக்கு வந்தேன். கணவருக்குத் துணிக்கடையில் வேலை. வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. தோட்டத்துப் பேச்சு என் வாயில் வந்தாலே மாமியார் முகத்தைச் சுளிப்பார். நானும் மெல்ல மெல்ல அதை விழுங்கப் பழகியிருந்தேன்.

முதல் பிள்ளை பிறந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டிலிருந்து ஏற்றத்தில் நடந்து, தலையில் அந்தப் பெட்டியைச் சுமந்திருந்தாள். புதுப் புல் திணித்திருந்தது.

"பச்ச ஒடம்புக்காரி அடுப்புகிட்டயே நிக்கக்கூடாது. கொதிக்க வச்சு இதுக்குள்ள எறக்கிட்டுப் புள்ளையப் பாரு," என்றாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "என்னாம்மா இது, கோழி அட வைக்கிற பொட்டியா?"

நாத்தனார் சிரித்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். பசித்த நாளில் இந்தப் பெட்டிச் சோறுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா மாமி, தோட்டத்துல அதுக்குத்தான் வச்சிருப்பாங்க," என்றேன். நானும் சிரித்தேன்.

அக்கா பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். தேத்தண்ணியைக் குடித்தாள். கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டாள். நான் வாசலோடு நின்றுகொண்டேன். அந்த வாரமே பிள்ளைக்கு வெந்நீர் வைக்க மாமியார் பெட்டியை உடைத்து வெளியே விறகடுப்பில் எரித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சில மாதம் கழித்து அம்மா வந்தாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அக்காவுக்கும் கணவனுக்கும் பேர் வந்துவிட்டதாம். வியாழக்கிழமை கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயில் ஏறுகிறார்களாம்.

"ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

"புள்ளைக்குச் சளிம்மா," என்றேன். பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. எந்த முகத்தோடு போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு நீலகிரியிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. யாரையோ பிடித்து எழுதவைத்திருந்தாள். பிள்ளை நடக்கிறானா, பெட்டியில் சோறு பதமாக வேகிறதா என்று கேட்டிருந்தாள். கோபத்தின் சாயல்கூட அதில் இல்லை. "தினமும் அதில்தான் சமைக்கிறேன் அக்கா," என்று பதில் போட்டேன்.

பிறகு நாங்கள் தனிக்குடித்தனம் போனோம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் திண்டாடிய ஒரு மழைக்காலத்தில், பலகைப் பெட்டியொன்றில் வைக்கோலைத் திணித்து நானே செய்து பார்த்தேன். முதல் நாள் அரிசி நடுவில் கல்லாகவே இருந்தது. அடுத்த நாள் குழைந்து, மாலைக்குள் புளித்த வாடை அடித்தது. எத்தனை கொதி வரவேண்டும், எவ்வளவு தண்ணீர் விடவேண்டும் என்று அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. உண்டதோடு சரி.

அவள் விலாசம் என்னிடம் இருந்தது. கேட்டு எழுதலாமென்று கடுதாசியும் எடுத்தேன். தினமும் அதில்தான் சமைக்கிறேன் என்று எழுதியவள் இப்போது என்னவென்று கேட்பது? உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. "அக்கா" என்று எழுதியதோடு கை நின்றுபோனது.

அதற்குப் பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. மூன்றாவது வரவேயில்லை.