கொண்டைக்கு ஒரு தொப்பி

பழைய காலத்துப் பெண்கள் தொப்பியைக் கண்டால் சிலர் உருகிவிடுகிறார்கள். இறகையும் வலையையும் தடவித் தடவிப் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்த உருக்கமெல்லாம் வராது. எனக்கு அந்தத் தொப்பிகளைப் பிடிக்கும், காரணம் ஒன்றுதான். அவற்றில் ஒன்று என் அக்காவின் தலைமயிரைக் காப்பாற்றியது.

அக்கா கனடாவுக்கு, மொன்றியலுக்கு, வந்தது இரண்டாயிரங்களின் நடுவில். அவள் புருஷன், எங்கள் அத்தார், அகதியாக முன்னமே வந்து, பல வருடம் கழித்துத்தான் அவளைக் கூப்பிட முடிந்தது. முழங்கால் வரை தொங்கும் மயிரோடு வந்து இறங்கினாள். சுருட்டிக் கட்டினால் இரண்டு கைக்குள்ளும் அடங்காத கொண்டை.

இந்த ஊரில் கம்பளிக் குல்லா பின்னுகிறவர்கள் கொண்டை என்ற ஒன்றைக் கண்டதே இல்லை. குல்லாவை இழுத்து மாட்டினால் அது கொண்டையில் ஏறி, மெல்ல மெல்ல மேலே போய்க் கழன்று விழுந்துவிடும். மயிரைப் பின்னிவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். பின்னலைக் கோட்டுக்குள் விட்டால் தலையைத் திருப்ப முடியாது. வெளியே விட்டால் நனைந்து, கயிறுபோல விறைத்துவிடும். சால்வையைச் சுற்றினால் காற்று வந்து உருவிக்கொண்டு போகும். முதல் குளிருக்கே காதுக்குள் சீழ் வைத்துவிட்டது. வைத்தியர் காதை மூடு என்றார். அக்கா கதவை மூடிக்கொண்டாள். பனி கரையும்வரை வெளியே வரவில்லை.

வெட்டு என்றார் அத்தார். வெட்டு என்றார்கள் கோயிலில் கண்ட பெண்கள். தொலைபேசியில் கதைத்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். மற்றவளின் தலையில் கத்தரி வைக்க இத்தனை பேருக்கு என்ன அவசரம்? நான் இந்த ஊருக்கு வந்த வருடமே என் மயிரை வெட்டி எறிந்துவிட்டேன், இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை. ஆனால் அது என் தலை.

அடுத்த இலையுதிர் காலத்தில் அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு கார்டரியில், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் வேலை. தை மாதம் தொடங்க வேண்டும், இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். வாழ்க்கையில் அவளுக்கு வந்த முதல் சம்பள வேலை அது. பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் என்ன சமைக்கலாம் என்று என்னைப் போட்டுப் பிய்த்தெடுத்தாள். அத்தார் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று மயிர், இல்லையென்றால் வேலை என்றார். அந்தக் கத்தரியை எடுத்துக் குப்பைக்குள் எறிந்தது நான்தான். அதற்குப் பிறகு, ஒரே வீட்டில் இருந்தும், அவர் என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது.

ஆனால் அக்கா சோர்ந்துவிட்டாள். வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை ரொக்ஸ்பரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ்த் தளத்தில் பழைய சாமான் விற்பனை. எனக்கு ஒரு பெரிய சட்டி வேண்டியிருந்தது. தெரிந்தவருடைய காரில் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் சட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு மூலையில் தொப்பிகளுக்கு முன்னால் நின்றாள். கையில் கரும்பச்சைத் தொப்பி ஒன்று. கவிழ்த்த கிண்ணம்போல ஆழமானது, ஒரு பக்கத்தில் மண்ணிற இறகு. அவள் இறகைப் பார்க்கவில்லை. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் நீளம், நுனியில் கறுப்பு மணி.

"இஞ்சை பாரடி, கொண்டையூசி. இவையளும் கொண்டை வைச்சிருந்திருக்கினம்."

அங்கேயே சால்வையைக் காதைச் சுற்றி, கொண்டைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள். கொண்டைக்கு மேல் தொப்பியைக் கவிழ்த்தாள். தொப்பி, சால்வை, கொண்டை மூன்றையும் சேர்த்து ஊசியால் ஒரே குத்து. தலையை ஆட்டினாள். ஒன்றும் அசையவில்லை. அவளை வெளியே கொண்டுபோய்க் காற்றில் நிறுத்தினேன். அசையவில்லை. நான் சட்டி வாங்க மறந்துபோனேன்.

வீட்டில் அத்தார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, கூத்தாடப் போறியே?"

"ஓம். நீங்கள் வந்து மத்தளம் அடியுங்கோ," என்றாள் அக்கா.

வேலையின் முதல் நாள், வழி காட்ட நானும் போனேன். முதல் பஸ்ஸிலேயே பக்கத்து இருக்கையில் ஒரு வயதான கியூபெக் பெண்மணி அக்காவின் தலையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். எனக்குக் கோபம் ஏறியது. நான் கதைக்கும் பிரெஞ்சு, துறைமுகப் பக்கத்துக் களஞ்சிய வேலையில் படித்தது, பாதி வசவு. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சிரித்து, தொப்பியை முன்பின்னாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார். கை நீட்டி, கேட்காமலே ஊசியை உருவினார்.

அந்த ஊசிதான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. தொப்பியும் சால்வையும் மடியில் விழுந்தன, கொண்டை அவிழ்ந்து முழு மயிரும் சரிந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கீழே தரையெல்லாம் சேற்றுப் பனி. அந்தப் பெண்மணி பதறிக் குனிந்து மயிரின் நுனியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அக்கா சுருட்டச் சுருட்ட அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார், ஏதோ நெடுநாள் சேர்ந்து வேலை செய்தவர்கள்போல. பிறகு தொப்பியைச் சரியான பக்கம் வைத்து, கொஞ்சம் சரித்து, அவரே குத்திவிட்டார்.

குத்திய கையோடு கதை தொடங்கினார். குமரியாக இருந்தபோது தன்னிடமும் இப்படி ஒன்று இருந்ததாம், நீலம். துறைமுகத்துப் பக்கம் நடந்தபோது காற்று அதைத் தூக்கி ஆற்றில் போட்டதாம். யாரென்றே தெரியாத ஒருவன் தண்ணீரில் குதித்தான், தொப்பி இல்லாமல் நனைந்து திரும்பி வந்தான். அவனைத்தான் கட்டினாராம். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"தொப்பியோடை வந்திருந்தால் கட்டியிருப்பாவோ எண்டு கேள்."

கேட்டேன். அந்தப் பெண்மணி கண்ணீர் வரச் சிரித்தார். தொப்பி கிடைத்திருந்தால் மெர்சி என்று ஒரு நன்றி சொல்லி, தொப்பியோடு வீட்டுக்குப் போயிருப்பேன் என்றார். மூவரும் சிரித்ததில் எங்கள் தரிப்பிடம் தாண்டிவிட்டது. இறங்கி, இரண்டாவது பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பி ஓடினோம். காற்று முகத்தில் அறைந்தது. அக்கா எனக்கு முன்னால் ஓடினாள், இறகு மட்டும் ஆடியது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கார்டரி வாசலில் பிள்ளைகளின் சின்னக் குல்லாக்கள் வரிசையாகத் தொங்கின. கடைசிக் கொளுவியில் அக்கா பச்சைத் தொப்பியை மாட்டிவிட்டு, என்னைத் திரும்பியும் பாராமல் சமையலறைக்குள் போனாள். கொண்டை போகிற போக்கை நின்று பார்த்தேன்.

அந்தக் குளிர் முழுக்க ஒரு நாள் தவறாமல் போனாள். காதும் நோகவில்லை. மாசியில் ஒரு பின்னேரம் அத்தார் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், முன்பு கத்தரி இருந்த அதே இடத்தில். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு பழைய தொப்பி, வலையோடு. எங்கே தேடிப் பிடித்தாரோ, சொல்லவில்லை.

"இந்தா, அடுத்த கூத்துக்கு," என்றார்.

அக்கா அதைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முதலில் முன்பக்கம் எது என்று கண்டுபிடிக்க வேண்டுமே.