நேரடி ஒளிபரப்பை நம்பாத மூளை

முதலில் வந்தது மணம். எரிந்த டயரின் மணம். அதற்குள் சூடான எண்ணெய், அதற்கும் உள்ளே மழையில் ஊறிய மண். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில், காலை பதினொரு மணிக்கு, முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அது வந்தது. கண்ணை மூடினால் பாரிசுக்கு வடக்கே ஒரு வயல்வெளி, பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றும் ஞாயிற்றுக்கிழமை. கண்ணைத் திறந்தால் முருங்கைக்காய்.

அரை நிமிடத்தில் போய்விட்டது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் மீன் வைத்திருந்த குளிர்பெட்டியைச் சந்தேகித்தேன். வயர் எரிகிறது என்று நானே முடிவுகட்டி, ஒருவரிடமும் சொல்லாமல் பிளக்கைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் கடையைத் திறந்தபோது டயர் மணக்கவில்லை. மீன் மணத்தது.

"எரிஞ்சதாம். எங்கை ஐசே எரிஞ்சது? எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே" என்றார் முதலாளி. மின்சார வேலை செய்பவர் வந்து வயரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். அவரையும் நான் நம்பவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இல்லாத மணம் வந்தால், குளிர்பெட்டியைத் தொடாதீர்கள். மருத்துவரிடம் போங்கள். நான் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அவ்வளவு காலமும் என்னைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

நான் விளையாட்டுப் பைத்தியமானது 2009க்குப் பிறகு. அந்த வருடத்தின் முதல் மாதங்களில் ஓயாமல் செய்தி பார்த்தேன். ஊரில் போரில் செத்தவர்களுக்கு ஒவ்வோர் அலைவரிசையும் ஒவ்வோர் எண்ணிக்கை சொன்னது. மே மாதத்துக்குப் பின் செய்தியை விட்டுவிட்டுக் கால்பந்து பார்க்கத் தொடங்கினேன். தொண்ணூறு நிமிடம் முடிந்து இரண்டுக்கு ஒன்று என்றால் அது இரண்டுக்கு ஒன்றுதான். தோற்றவனும் அதையேதான் சொல்வான். எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஓர் எண் இந்த உலகத்தில் மிச்சமிருக்கிறது என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

கார்ப் பந்தயத்துக்கு என்னை இழுத்தவன் ரஞ்சன். பாரிசின் புறநகரான ஒபர்வில்லியேயில் கார் திருத்துகிறவன். எனக்குப் பத்து வயது இளையவன். இங்கே கிராமப்புறங்களில் 'ஸ்டாக் கார்' என்று ஓர் ஓட்டம் உண்டு. கண்ணாடியையும் பின் இருக்கையையும் பிடுங்கிவிட்டு, கதவுகளை ஒட்டிப் பூட்டிய கிழட்டுக் கார்கள், சேற்று வட்டத்துக்குள் இடித்துத் தள்ளியபடி ஓடும். இடிப்பது குற்றமல்ல; அதுதான் விளையாட்டு. ரஞ்சன் ஓடுவான். கதவில் அவனுடைய இலக்கத்தை வரைவது என் வேலை. ஓட்டத்துக்கு முன் நான்கு சில்லுகளுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து நசுக்குவான்.

"இடிபடப் போற காருக்கு எதுக்கடா தேசிக்காய்?"

"இடி வாங்காமலிருக்க இல்லையண்ணை. வடிவா இடிக்க."

சேறும் புகையும் பொரித்த உருளைக்கிழங்கின் வாசமுமாக அந்த ஞாயிறுகள் எனக்குள் இறங்கின. அதனால்தான் மூளை பொய் சொல்லத் தீர்மானித்தபோது எனக்குப் பிடித்த மணத்திலேயே சொன்னது என்று நினைக்கிறேன்.

பிறகு கால்பந்தும் கெட்டது. லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில், பின்னேரங்களில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஆட்டம் பார்ப்போம். ஒரு நாள் இடைவேளைக்குச் சற்று முன், வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி நெஞ்சில் முட்டியது. உடனே தெரிந்தது: இந்த ஆட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இந்த மழை, மஞ்சள் காலுறை போட்ட இந்தக் கோல் காப்பாளன், எனக்கு முன்னால் இருக்கும் தட்டில் பாதி கடித்த ரோல், எல்லாம்.

"இது பழைய மட்ச். பதிஞ்சு வைச்சுப் போடுறாங்கள்" என்றேன்.

"அண்ணை, மூலையில 'நேரடி' எண்டு எழுதிக் கிடக்கு" என்றான் ரஞ்சன்.

"அந்த எழுத்தையும் சேர்த்துத்தானேயடா பதிஞ்சிருப்பாங்கள்."

அறை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் அதே உணர்வு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். பிறகு அலைவரிசை ஏமாற்றுகிறது என்றும், கடைசியில் ஆட்டங்களே முன்கூட்டிப் பேசி முடிக்கப்படுகின்றன என்றும் நினைத்தேன். ஒப்புக்கொள்ளப்பட்ட அந்த ஒரே எண்ணும் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வைகாசியில் ஓர் ஓட்டம். வேலிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் முடிந்து ரஞ்சன் தலைக்கவசத்தைக் கழற்றியபடி ஓடிவந்தான். கார் இரண்டு தரம் உருண்டதாம்.

"எந்தக் கார்?"

"என்ர கார்தான். அண்ணை, நீங்கள் முன்னுக்குத்தானே நிண்டனீங்கள்!"

"உருளேல்லை. நான் கண் வெட்டாமல் பாத்தனான்."

பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் தன் கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினார். பின்னால் ரஞ்சனின் கார் வானத்தைப் பார்த்து உருள்கிறது. முன்னால் ஓரத்தில் நான். வாய் எதையோ மெல்கிறது. வலது கை சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி விடுகிறது. கண் திறந்திருக்கிறது, அதற்குள் ஆள் இல்லை.

அந்த நாற்பது விநாடி என்னிடம் இல்லை. ஆனால் அதை நான் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. "படத்தை வெட்டி ஒட்டிப்போட்டு என்னை விசரனாக்கப் பாக்கிறாய், என்ன?" என்று ரஞ்சனிடம் கேட்டேன். அவன் முகம் சுருங்கியது. நான் இருக்கும் சார்செல்வரை அவனுடைய மற்றக் காரில் வந்தோம். அதன்பின் நான் அவனுடைய அழைப்புகளை எடுக்கவில்லை.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுக் குசினியில் விழுந்தேன். கைகால் இழுத்தது. என் மனைவி புவனா நம் ஆட்கள் செய்வதைச் செய்தாள்: இரும்பு என்று வீட்டுக் கதவுத் திறப்புக் கோர்வையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இழுப்பில் நான் அதை இறுக்கிப் பொத்தியதில் கை கிழிந்தது. அவசரப் பிரிவில் தாதி இரத்தத்தைப் பார்த்தாள், புவனாவைப் பார்த்தாள், பிறகு அவளைத் தனியே அழைத்துப் போய், வீட்டில் அடிபிடி ஏதும் உண்டா என்று கேட்டாள். மற்ற எல்லோரையும் சந்தேகித்தவனின் மனைவிமேல் சந்தேகம் விழுந்தது.

இரும்பால் ஒரு பயனும் இல்லை. விழுந்தவரை ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள். கையிலும் வாயிலும் ஒன்றும் வைக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர ஊர்தியை அழையுங்கள்.

எம்.ஆர்.ஐ. (காந்த அலைகளால் உள்ளுறுப்பைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். வலது காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டு மடலில், கடலையளவு கட்டி. ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) வைத்தபடி ஆறு நாட்கள் படுக்கவைத்தார்கள். தலையில் இருபது வயர், சுவரில் ஒரு கமரா. சந்தேகக்காரனுக்கு இதைவிட என்ன தண்டனை? இம்முறை நிஜமாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நரம்பியல் மருத்துவர் ஐம்பது வயதுப் பெண். எனக்காகப் பிரெஞ்சை மெதுவாகப் பேசினார். இல்லாத மணம், வயிற்றிலிருந்து ஏறும் அலை, ஏற்கெனவே கண்டதுபோன்ற உணர்வு, ஆளில்லாத கண்: நான்கும் ஒரே வலிப்பின் நான்கு முகங்கள் என்றார். கைகால் இழுப்பது மட்டும்தான் வலிப்பு என்று நான் எண்ணியிருந்தேன்.

"இந்தச் சந்தேகக் குணம் எப்போதிருந்து?" என்று அவர் கேட்டார். கட்டியாலா, குணமேயா என்று அறிய விரும்பினார்.

புவனா முந்திக்கொண்டாள். "கலியாணம் கட்டின நாள் தொட்டு எண்டு சொல்லுங்கோ." நான் மொழிபெயர்க்கவில்லை. மருத்துவருக்கு அவள் முகமே போதுமாயிருந்தது.

வெளியே வந்ததும் அவள் குரல் மாறியது. "இஞ்சாருங்கோ, கட்டி எண்டு சொல்லுவம். வலிப்பெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." கட்டிக்கு இரக்கப்படுவார்கள். வலிப்புக்கு விலகி நிற்பார்கள். அவள் பயம் பொய்யல்ல. ஆனாலும் நான் எழுதுகிறேன். இப்போது அவள் சம்மதத்தோடு.

இரண்டு வகை மாத்திரைகள் தந்தார்கள். மணம் குறைந்தது, நிற்கவில்லை. கட்டியை வெட்டி எடுக்கலாம் என்றார் மருத்துவர். முகங்களை நினைவில் வைப்பது கொஞ்சம் தடுமாறலாம். எவ்வளவு என்று சொல்லமுடியாது. கையெழுத்துப் போடும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசையில் ஏழு வாரம் கிடந்தது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆட்டம் முடியுமுன்னே எனக்குத் தெரிகிறதே, அது நோய் என்றால், என் கண்ணால் கண்ட வேறு எதை நான் நம்புவது? நோயில்லை என்றால், ஏன் தலையைத் திறக்கவேண்டும்?

ரஞ்சனைப் புவனா அழைத்திருக்கிறாள். அவன் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்தான். எங்கள் பிணக்கைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை.

"அண்ணை, மட்ச் போகுது. அந்த உணர்வு வந்தவுடன, அடுத்தது என்ன நடக்குமெண்டு எழுதுங்கோ. நடக்க முதல் எழுதவேணும், நடந்தாப்பிறகு இல்லை."

"என்னைச் சோதிக்கிறியோ?"

"உங்களை இல்லை. மட்ச்சை."

ஐந்து ஞாயிறு அப்படி இருந்தோம். மூன்று தரம் அலை வந்தது. மூன்று தரமும் பேனையை எடுத்தேன். தெரியும், நன்றாகத் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது. தாளில் வைத்தால் ஒரு சொல்லும் இல்லை. பந்து வலைக்குள் போன பிறகு, 'பார், இதைத்தான்' என்று உள்ளே ஒருவன் சொன்னான். கொப்பி வெறுமையாகக் கிடந்தது. தெரிந்திருக்கிறது என்ற உணர்வு மட்டும்தான் என்னிடம் இருந்தது. தெரிந்தது ஒன்றுமில்லை. ஆட்டங்களில் களவு இல்லை, எண்கள் சுத்தம். களவு என் காதுக்கு மேலே இருந்தது.

அன்றே கையெழுத்துப் போட்டேன். பேனை ரஞ்சனுடையது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ, கார் உருண்டதை நானே முழுசாப் பாக்கேல்லை, உள்ளுக்கெல்லோ இருந்தனான்" என்றான்.

அறுவைசிகிச்சையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நான் அங்கே இல்லை. கட்டி புற்றல்ல என்றார்கள். என்னை வியக்கவைத்தது தலைவலி அல்ல, தாடை. காதுக்கு மேலே மெல்லும் தசையை வெட்டித் திறப்பதால் ஒரு மாதம் வாய் இரண்டு விரலளவுதான் திறந்தது. கஞ்சிக்கும் சின்னக் கரண்டிக்கும் தயாராயிரு என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்; அதனால் இங்கே சொல்கிறேன்.

கடைக்கு வரும் சில முகங்கள் புதிதாக இருக்கின்றன. பத்து வருடம் கறிவேப்பிலை வாங்கிய பெண்மணியிடம், முதல் தரமா வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். மாத்திரை தொடர்கிறது. கார் ஓட்ட இன்னும் அனுமதியில்லை. என் உடம்பு ஒரு வாடகை வீடு மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு அறையையும் தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன். நேரம் மட்டும் மாறிவிட்டது. முன்பு அது வட்டமாகச் சுற்றி வந்து என்னை முட்டும். இப்போது நேரே போகிறது. அடுத்த விநாடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், கதிரையின் விளிம்பில் இருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் இழக்க விரும்பவில்லை.

ரஞ்சன் குடும்பத்தோடு இலண்டனுக்குக் குடிபெயர்ந்தான். பாரிசின் கார் து நோர் தொடருந்து நிலையத்தில், பிள்ளைகள் பெட்டிகளோடு சோதனை வரிசையில் நிற்க, அவன் மட்டும் கயிற்றுக்கு இப்பால் என்னோடு நின்றான். இலண்டனில் தொலைக்காட்சியில் ஆட்டம் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிடும்; நான் பார்க்கும் இணைய ஒளிபரப்பு முக்கால் நிமிடம் பிந்தும். அது அவனுக்கும் தெரியும்.

"கோல் விழுந்த உடன போன் அடிப்பன் அண்ணை."

"அடியாதை. எனக்கு இஞ்சை பிந்தித்தான் வரும். நான் என்ர கண்ணால பாக்கவேணும்."

"அப்ப எப்பிடி?"

"நான் அடிக்கிறன். நீ தெரியாத மாதிரிக் கேள்."