விருந்துச் சூடு

“…அவரை வெளியில நிக்கச் சொல்லிட்டா, என்னைப் பத்தி யாரு அக்கா சொல்லுவாங்க?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் மலர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர் கிளினிக். டாக்டரம்மா சிரித்த முகம் மாறாமல் மலரின் கணவர் சேகரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தார். இங்கே பெண்ணைத் தனியாக வைத்துத்தான் பேசுவார்கள். வந்து இத்தனை காலமாகியும் அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்கே பழகவில்லை. மலர் வந்து சில மாதங்கள்தான். அவள் கீழ்வேளூர், நான் திருத்துறைப்பூண்டி. சேகர் இங்கே ஓர் உணவகத்தில் சமையல்காரர், அதற்கு முன் வளைகுடாவில் இருந்தவர். போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருகிறோம் என்றார்கள். “முகந்தெரியாத ஆளுகிட்ட இதையெல்லாமா சொல்றது? அக்காவே போதும்” என்றுவிட்டாள். இதை அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நம் ஊரில் டாக்டர் முன்னால் மருமகள் வாய் திறப்பது ஏது? மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். “அடிவயிறு வலிக்குதாம்மா?” என்று கேள்வி என்னிடம் வரும். “கொஞ்சம் சூடுங்க டாக்டர், வேற ஒண்ணுமில்ல” என்று பதில் அவரிடமிருந்து போகும். வீட்டுக்கு வந்தால் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, சொம்பு நிறைய இளநீர். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் கடையில் வாங்கிவரும் மாத்திரை. எரிச்சல் நின்ற அன்றே மீதி அட்டை அலமாரிக்குள் போய்விடும். மலருக்கும் இதே வைத்தியம்தான். சேகர் லீவில் வந்துபோகும்போதெல்லாம் அவளுக்கு நீர்க்கடுப்பு வரும். லீவில் வந்தவருக்கு வீடு வீடாக விருந்து, அந்தக் கோழிக்கறிச் சூடு என்று தெருவே காரணம் சொன்னது. ‘நோய்க்கும் பார், பேய்க்கும் பார்’ என்பார்கள். நாம் கோழியைப் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை.

பரிசோதனை முடிவைப் படித்த டாக்டரம்மா, சிறுநீர்த் தொற்று ஒன்று, அதோடு கிளமிடியா என்று இன்னொன்றும் இருக்கிறது என்றார். அது உடலுறவில் தொற்றுவது. “உங்கள் பார்ட்னரும் வந்து பரிசோதித்து மருந்து சாப்பிட வேண்டும்.”

‘பார்ட்னர்’ மட்டும் மலருக்குப் புரிந்தது. “ஓட்டல்ல அவருக்குப் பங்கெல்லாம் இல்லன்னு சொல்லுங்கக்கா. சம்பளத்துக்குத்தான் இருக்காரு.”

சிரிப்பு வந்தது எனக்கு. அடக்கிக்கொண்டு முழுவதையும் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. “அப்ப நான் கெட்டவளாக்கா?”

நான் மொழிபெயர்ப்பதற்குள் டாக்டரம்மா புரிந்துகொண்டார். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்றெல்லாம் இந்தப் பரிசோதனை சொல்லாது. அறிகுறியே இல்லாமல் நெடுநாள் உடம்பில் இருக்கும். மருந்தில் குணமாகிவிடும் என்றார். ஆனால் ஒருவர் மட்டும் சாப்பிட்டால் மறுபடி தொற்றும். தான் சொல்லும்வரை இருவரும் விலகி இருக்க வேண்டும். அப்படியே விட்டால் கருக்குழாய் வரை போய்ப் பிள்ளைப்பேற்றையே கெடுக்கலாம். பிள்ளைக்காகத்தான் மலர் கடல் தாண்டி வந்ததே.

“பக்கத்து வயல்ல மருந்தடிக்காம நம்ம வயல்ல மட்டும் அடிச்சா, புகையான் பூச்சி திரும்பி வந்து பயிரைக் கருக்கிடும்ல, அது மாதிரியா?” என்று மெல்லக் கேட்டாள். அதேதான் என்றேன்.

கதவின் மங்கிய கண்ணாடியில் சேகரின் நிழல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தது. மலரின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது; அவர்தான். அவள் எடுக்கவில்லை. “உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்னக்கா சொல்லுவேன்? அப்படியே ஊருக்கு டிக்கெட் போட்டுட்டா? வாழாவெட்டின்னு பேரு வாங்கிட்டுக் கீழ்வேளூர்ல எப்படி நடப்பேன்?”

நீ விரும்பினால் நானே அவரிடம் விளக்குகிறேன் என்றார் டாக்டரம்மா. உன் உடம்பு, நீதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதைத் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் என் வாய் திருத்துறைப்பூண்டிக்குப் போய்விட்டது. “ஒண்ணு செய்யலாமா மலரு? உங்க ரெண்டு பேருக்கும் சூட்டு மாத்திரைன்னு சொல்லிடுவோம். அவரும் சாப்பிட்டுடுவாரு, சண்டையும் இல்ல.”

“வேணாங்க்கா. சூடு சூடுன்னு சொல்லியே இத்தனை வருஷம் போச்சு.”

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். “என்னவாம்? சூடுதானே?” என்றபடி உள்ளே வந்த சேகர், அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “என்னக்கா சொன்னாங்க?”

நான் வாயெடுக்குமுன் மலர் கையமர்த்தினாள். “அக்காவைக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க. முதல்ல உக்காருங்க” என்றாள், அந்த ‘ங்க’வை மட்டும் விடாமல். அவர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினாள். அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, பேசத் தொடங்கினாள்.